நான்கு வினாடி பாக்கி

பேனாவை மூடி வையுங்கள் சார். கையெழுத்துப் போட மாட்டேன். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் உங்களை உட்காரச் சொல்கிறேன். டீயைக் கொடுத்து மழுப்பிவிட்டான் என்று நீங்கள் போட்டிக் கமிட்டியில் போய்ச் சொல்லக் கூடாது. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

கடிதத்தைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். யார் எழுதியது, நீங்களா? விளையாட்டு ஆசிரியருக்கு இவ்வளவு தமிழ் வருவதே பெரிது. ஆனால் பாருங்கள், "1996-ஆம் ஆண்டு அரையிறுதி ஆட்டத்தில் என்னால் ஏற்பட்ட இடையூறுக்கு வருந்துகிறேன். இனி ஆடுகளத்துக்குள் நுழைய மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்." இரண்டே வாக்கியம். இரண்டிலும் பொய். முதலாவதில் "என்னால்" என்பது பொய். இரண்டாவதில் "இனி" என்பது பொய். இருபத்தேழு வருடமாக அந்த மைதானத்து வாசலை மிதிக்காதவனுக்கு என்ன சார் இனி?

இதில் கையெழுத்துப் போட்டால் நாளைச் சாயங்காலம் அரையிறுதிக்கு எனக்கு முன்வரிசையில் நாற்காலி. போடாவிட்டால் வெளியே. அவ்வளவுதானே? நீங்கள் சுற்றி வளைத்துச் சொன்னீர்கள், நான் சுருக்கிவிட்டேன். சுருக்குவது என் தொழில். நாலு பக்கக் கோபத்தை ஒரு பக்க நோட்டீஸில் அடக்க வேண்டும், அதுவும் காகிதம் வீணாகாமல்.

பார்க்க ஆசை இல்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. இருபத்தேழு வருடம் கழித்து ஆவாரம்பட்டி அணி அரையிறுதிக்கு வந்திருக்கிறது, ஆசை இல்லாமல் இருக்குமா? ஆசை இருக்கிறவனிடம்தான் சார் இந்த மாதிரிக் காகிதத்தை நீட்டுவார்கள். ஆசை இல்லாதவனிடம் நீட்டி என்ன பிரயோஜனம்?

நீங்கள் ஊருக்குப் புதிது. மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகிறதா? அதனால்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள். பழைய ஆள் எவனும் இந்தக் கடிதத்தோடு என் வாசல்படி ஏற மாட்டான். ஏறினால் என்ன கேட்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. ஆகவே கேளுங்கள்.

கோமளவல்லி மில்லில் நூல் ஓட்டினவன் நான். பெயர் சிங்கராயர். ஊரில் நோட்டீஸ் சிங்கராயர் என்பார்கள். ஐந்தாம் வகுப்பு. மீதிப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரம். கூட்டத்தில் கொடுப்பதைப் படிப்பேன், கீழே கிடப்பதைப் படிப்பேன், வடை மடித்து வருவதைப் படிப்பேன். உலக வரலாறே எனக்கு எண்ணெய் படிந்துதான் வந்து சேர்ந்தது.

எண்பத்திரண்டில் வேலைநிறுத்தம். ஆறாவது வாரம். மானேஜர் கேட்டுக்கு வந்தார். நெஞ்சில் கை வைத்து, "எல்லாரும் உள்ளே வாங்கப்பா, எவன் மேலயும் நடவடிக்கை கிடையாது" என்றார். வாயால் சொன்னார் சார். நாங்கள் கைதட்டினோம். நான்தான் முதலில் தட்டினேன். மறுநாள் காலையில் கேட்டில் நாற்பத்துநான்கு பெயர் ஒட்டியிருந்தது. முதல் பெயர் என்னுடையது. பத்து நாள் கழித்து ஆள் அனுப்பினார்கள், மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு என்று. நாற்பத்தொரு பேர் போட்டார்கள். மூன்று பேர் போடவில்லை. ஒருவன் செத்தான், ஒருவன் திருப்பூர் போனான், மூன்றாவது ஆள் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கு மானேஜரிடம் போடாத கையெழுத்தை இன்றைக்குக் கூடைப்பந்துக் கமிட்டியிடம் போடுவேனா?

சிரிக்காதீர்கள். நீங்கள் சிரிக்கவில்லை, சரி. ஊரே சிரிக்கிறது, அதனால் சொன்னேன்.

இந்த ஊர்ச் சிரிப்பைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். எனக்கு அருவருப்பாக இருக்கிறது. தோற்றவன் அழட்டும், கத்தட்டும், சட்டையைக் கிழிக்கட்டும், புரிகிறது. இவர்கள் தோல்வியை வளர்ப்பு நாய் மாதிரி மடியில் போட்டுத் தடவுகிறார்கள்.

அணிக்கு ஆவாரம்பட்டி தொழிலாளர் கூடைப்பந்துக் கழகம் என்று பெயர் வைத்தவன் நான். கோயில் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சோடு வந்து ஆடுவார்கள். ஒவ்வொரு மே மாதமும் பெரிய ஊர்களில் இருந்தெல்லாம் அணிகள் வரும். சம்பளத்துக்கு ஆடுகிற அணிகள். முதலில் லீக், அப்புறம் நாக் அவுட். லீக்கில் நம்மை அசைக்க முடியாது. நாக் அவுட் வந்தால் போச்சு. எப்படித் தோற்போம் என்பதுதான் தெரியாது, தோற்போம் என்பது தெரியும்.

எண்பத்தெட்டு இறுதியாட்டம். ஒரு புள்ளி முன்னணியில் இருக்கிறோம். மணி அடிக்கப்போகிறது. பெங்களூர் அணியில் ஒரு நெட்டையன், தன் பாதியில் நின்றுகொண்டு, தொலையட்டும் என்று பந்தை விட்டெறிந்தான். அவனே திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டான் சார். பந்து வளையத்துக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டுத்தான் அவன் திரும்பிப் பார்த்தான்.

அதற்கு இந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவன் நின்ற இடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அதே நாளில் வளர்ந்த ஆம்பளைகள், பேரன் எடுத்தவர்கள், வரிசையில் நின்று அந்த வட்டத்திலிருந்து பந்தை எறிவார்கள். ஒருத்தனுக்கும் விழாது. விழாவிட்டால் ஒரு சந்தோஷம். "பாத்தியா, விழவே விழாது, அன்னிக்கு எப்படியோ விழுந்துருச்சு" என்று தோளில் தட்டிக்கொள்வார்கள். வட்டம் அழிந்தால் மறுபடி சுண்ணாம்பு. நம்மைத் தோற்கடித்தவனின் காலடிக்கு வருடா வருடம் வெள்ளை அடிக்கிற ஊர் வேறெங்காவது உண்டா?

தொண்ணூற்றொன்று கால் இறுதி. இரண்டு ப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தால் சமன், இரண்டும் விழுந்தால் வெற்றி. நம் உயரமான ஆட்டக்காரன் டேவிட், பயிற்சியில் கண்ணைக் கட்டிக்கொண்டே போடுவான். முதலாவது வளையத்தின் முன்பக்கம் பட்டது. இரண்டாவது பின்பக்கம் பட்டது. நடுவில் மட்டும் படவில்லை.

வெள்ளைச்சாமி என்று எங்கள் மில்லில் மெக்கானிக். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவன் கடைசி ஒரு நிமிடத்தைப் பார்க்க மாட்டான். எழுந்து வெளியே போய் மதில் சுவருக்குப் பின்னால் மல்லாந்து படுத்துக்கொள்வான், இரண்டு காதிலும் விரல். ஆட்டம் முடிந்ததும் யாராவது காலால் தட்டி எழுப்ப வேண்டும். "என்னப்பா?" என்பான். "என்ன என்னப்பா, எந்திரி" என்றால் புரிந்துகொள்வான். அவன் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கினவன் சார். அவன் ஒரு ரசிகன்!

தையல்காரர் சிக்கந்தர் பாய் இன்னொரு ரகம். அணிக்குச் சட்டை தைத்தவர், நல்ல மனிதர், ஆனால் பொய்யர். ஆட்டத்தைக் கதையாகச் சொல்லுவார். ஒவ்வொரு பாஸையும் கையால் காட்டுவார். முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது, நாம் ஆறு புள்ளி முன்னால் இருக்கும்போது, நிறுத்திவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பிப்பார். "அப்புறம் பாய்?" என்று கேட்டால், "அப்புறம் என்ன, அவங்கவங்க வீட்டுக்குப் போனோம்" என்பார். அவர் கடையில் உட்கார்ந்து கேட்டால் ஆவாரம்பட்டி தோற்றதே கிடையாது. தோல்வியை ஒப்புக்கொள்ளத் தைரியமில்லாத கூட்டம்.

நான் என்ன செய்தேன் என்றா? நோட்டீஸ் போட்டேன். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு கண்டன நோட்டீஸ், மூன்று நாளைக்குள். எண்பத்தெட்டுக்குத் தலைப்பு, "கோப்பை அங்கே! நீதி எங்கே?" ஊர் முழுக்க ஒட்டினோம். அச்சகத்துக்காரன் கேட்டான், "தோழர், அவன் எறிஞ்சான், விழுந்துச்சு. இதுல யாரைக் கண்டிக்கிறது?" நான் சொன்னேன், கண்டிக்க ஆள் இல்லாத தோல்வியே கிடையாது, தேடினால் கிடைப்பான். தேடினேன். மேற்குப் பக்கம் தட்டி வைத்து மறைக்காமல் காற்றை உள்ளே விட்டது யார்? கமிட்டி! தொண்ணூற்றொன்றில் டேவிட் முகத்தில் வெயில் அடிக்கிற மாதிரி நாலு மணிக்கு ஆட்டம் வைத்தது யார்? கமிட்டி! இதெல்லாம் ஆராய்ந்து எழுதியது. வட்டம் போட்டு விளையாடியது இல்லை.

சரி. தொண்ணூற்றாறுக்கு வருகிறேன். நீங்கள் கடிதத்தில் இடையூறு என்று எழுதியிருக்கிறீர்களே, அது.

அரையிறுதி. எதிரில் சென்னையிலிருந்து ஒரு வங்கி அணி. எல்லாரும் வேலைக்குப் போகாமலே சம்பளம் வாங்குகிறவர்கள், ஆளுக்கு இரண்டு ஜோடி ஷூ. நம் கேப்டன் ஜெயசீலன், இப்போது உங்கள் கோச்சாக இருக்கிறானே, அவன்தான். இருபத்தாறு வயது. அன்றைக்கு அவன் ஆடின ஆட்டம் எனக்குச் சொல்லத் தெரியாது. சிக்கந்தர் பாய்க்குத்தான் தெரியும். அறுபத்தேழு நாம், அறுபத்தாறு அவர்கள். நான்கு வினாடி பாக்கி.

அவர்கள் ஆள் நம் பையனை இடித்துத் தள்ளிவிட்டுப் பந்தைப் போட்டான். விழுந்தது. பெரிய நடுவர் கையை இறக்கிக் கணக்கில் சேர்த்துவிட்டார். அறுபத்தெட்டு. இடித்ததை இரண்டாயிரம் பேர் பார்த்தோம். அவர் ஒருவர் பார்க்கவில்லை.

நான் கயிற்றைத் தாண்டினேன். ஆமாம், தாண்டினேன், மறுக்கவில்லை. என் பின்னால் மில் ஆட்கள் இருநூறு பேர் தாண்டினார்கள். நடு வட்டத்தில் போய் உட்கார்ந்தோம். ஆட்டக்காரர்களைப் பார்த்து, "உட்காருங்கடா!" என்றேன். ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள், பெஞ்சில் இருந்தவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். சார், அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எண்பத்திரண்டில்கூட அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. கோஷம் நான் கொடுத்தேன். "இடித்தவனுக்குப் புள்ளியா?" "விடமாட்டோம்! விடமாட்டோம்!"

பத்து நிமிடம் நடுவர்கள் கூடிப் பேசினார்கள். இரண்டாவது நடுவர், சின்னப் பையன், அவன் ஏற்கெனவே விசில் ஊதியிருக்கிறான், கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. இடித்ததற்கு பவுல் கொடுத்திருக்கிறான், பந்து கையை விட்டுப் போவதற்கு முன்னாலேயே. பெரிய நடுவர் எங்களிடம் வந்தார். குனிந்து, மரியாதையாகத்தான் சொன்னார். "ஐயா, அந்தக் கூடை செல்லாது. பவுல். அறுபத்தேழு அறுபத்தாறு, பந்து உங்களுக்கு, நாலு செகண்ட் இருக்கு. எந்திரிச்சு ஆடச் சொல்லுங்க."

நான் என்ன கேட்டிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

"எழுத்து மூலமாகக் கொடுங்கள்" என்றேன்.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? வாயால் சொல்வதை நம்பி எழுந்து போக நான் என்ன நேற்றுப் பிறந்தவனா? எழுந்து நிற்போம், அவன் விசிலை ஊதி, அறுபத்தெட்டு அறுபத்தேழு, ஆட்டம் முடிந்தது என்று சொன்னால்? அதற்கப்புறம் மறுபடி உட்கார முடியுமா? ஒரு போராட்டத்தில் மக்களை ஒரு தடவைதான் உட்கார வைக்க முடியும். இது உங்கள் விளையாட்டுப் புத்தகத்தில் இருக்காது.

அவர் சொன்னார், "அப்படி எழுதித் தர வழக்கம் இல்லீங்க. ஸ்கோர் ஷீட்ல எழுதியாச்சு, வேணும்னா வந்து பாருங்க." ஸ்கோர் ஷீட் யார் கையில் இருக்கிறது? கமிட்டி கையில். பென்சிலா பேனாவா என்று கேட்டேன்.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஒரு நிமிஷம் தர்றேன். அதுக்குள்ள அணி ஆடாட்டி ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததா ஆயிடும்" என்றார். மிரட்டல்! மானேஜர்கள் எல்லாம் இப்படித்தான் முதலில் ஐயா போடுவார்கள், அப்புறம் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

அப்போது ஜெயசீலன் என் பக்கம் சாய்ந்தான். "அண்ணே, நாலு செகண்டுதான். பந்தை வாங்கி நான் கையிலேயே வச்சுக்கிறேன். ஒருத்தனும் பிடுங்க முடியாது. எந்திரிக்கிறேண்ணே" என்றான். ஒரு முழங்கால் ஊன்றி எழுந்துவிட்டான். நான் தோளில் கை வைத்து அழுத்தினேன். "நீ எந்திரிச்சா நாளைக்கு எவனும் உட்கார மாட்டான். உட்காரு" என்றேன். உட்கார்ந்தான். என் பேச்சைக் கேட்டான் சார். அதுவரைக்கும் நல்ல பையன்.

ஒரு நிமிடம் போனது. விசில். இருபதுக்குப் பூஜ்யம். விட்டுக்கொடுத்த ஆட்டத்துக்கு அப்படித்தான் எழுதுவார்களாம். நாற்பது நிமிடம் போட்ட அறுபத்தேழு புள்ளியும் காற்றில் போயிற்று. எங்களுக்கு ஒரு பூஜ்யம், முட்டை மாதிரி, கரும்பலகையில் பெரிதாக.

இப்போது சொல்லுங்கள். இது என்னாலா? இடித்தவன் அவன். தப்பாகக் கணக்குச் சேர்த்தவர் அவர். எழுதித் தர மறுத்தது கமிட்டி. நான் உட்கார்ந்தேன், வேறென்ன செய்தேன்? உட்கார்வது இடையூறா?

ஆமாம், தடை போட்டார்கள். அணிக்கு ஐந்து வருடம். எனக்கு ஆயுள் தடை என்று ஒரு தீர்மானம் போட்டதாகச் சொல்கிறார்கள். அது எனக்குத் தெரியாது, எனக்கு யாரும் நகல் தரவில்லை. அதற்கு முன்பே நான் அந்த மைதானத்தைப் புறக்கணிப்பதாக அறிவித்துவிட்டேன். எந்தத் தேதியில் யார் யாரை முதலில் விலக்கினார்கள் என்று நீங்கள் பழைய நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். ஒரு நாள் நான் முந்தி.

நோட்டீஸும் போட்டேன். என் வாழ்க்கையில் எழுதியதிலேயே சிறந்த நோட்டீஸ். தலைப்பு, "நான்கு வினாடி பாக்கி!" இரண்டாயிரம் பிரதி. நடுவரைக் கண்டித்தேன், கமிட்டியைக் கண்டித்தேன், வங்கியைக் கண்டித்தேன். கடைசிப் பத்தியில் நம் பக்கத்துத் தவறையும் மறைக்கவில்லை. சுயவிமர்சனம் இல்லாத நோட்டீஸ் விளம்பரம் ஆகிவிடும். "போராட்டத்தின் உச்சியில் எழ நினைத்த முழங்கால் எவருடையது என்பதை ஆவாரம்பட்டி அறியும்" என்று எழுதினேன். பெயர் போடவில்லை. நாகரிகம்.

அதை ஜெயசீலன் வீட்டுச் சுவரில் எவனோ ஒட்டிவிட்டான். நான் ஒட்டவில்லை. பசையைத்தான் நான் காய்ச்சினேன். ஊர் முழுக்க ஒட்டுவதற்குக் காய்ச்சியது, இந்தச் சுவருக்கு என்று தனியாகவா காய்ச்சினேன்? வரிசையாக ஏழோ எட்டோ ஒட்டியிருந்ததாம். அவன் அம்மா தண்ணீர் ஊற்றிச் சுரண்டினார்களாம். நல்ல பசை, லேசில் வராது.

அவன் என்ன செய்தான் தெரியுமா? அடுத்த வாரம் கமிட்டிக்குப் போய் மன்னிப்புக் கடிதம் கொடுத்தான். அணி சார்பில். கையெழுத்துப் போட்டு. நாற்பத்திரண்டாவது கையெழுத்து என்று நான் டீக்கடையில் சொன்னேன். அதனால் தடை மூன்று வருடமாகக் குறைந்தது என்கிறார்கள். இருக்கலாம். மூன்று வருடம் கழித்து இறங்கினான், பாதி ஆட்டத்தில் முட்டி போய்விட்டது. அதே முழங்காலா என்று கேட்காதீர்கள், நான் விசாரிக்கவில்லை. இரண்டாவது தெருவில் இருக்கிறான். இருபத்தேழு வருடமாக என்னைப் பார்த்தால் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். பகை வைத்திருக்கிறான் சார், அதுவும் எதற்கென்றே தெரியாத பகை.

இப்போது அவன் கோச். அவன் சொல்லித்தான் இந்தக் கடிதமா? "அவர் வரட்டும், ஆனா இதுல கையெழுத்துப் போட்டுட்டு வரட்டும், ஒரு வார்த்தை மாறக் கூடாது" என்றானா? அப்படியேவா சொன்னான்? 'அவர்' என்றானா, 'அவன்' என்றானா?

சரி. அவர் என்றான்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். ஆரோக்கியம் போட்டது. என் மனைவி. அவளும் அந்த மில்தான், கோன் சுற்றுகிற பிரிவு. உள்ளேதான் இருக்கிறாள், நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் பாத்திரத்தை உருட்டுகிறாள். அந்தக் காலத்தில் மில் பெண்கள் முப்பது பேரோடு வந்து உட்காருவாள். நடுவரைத் திட்டுவதில் அவளுக்கு இணை கிடையாது. நான் புறக்கணித்த நாளிலிருந்து அவளும் புறக்கணித்தாள், அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, உங்கள் கால் இறுதி நடந்ததே, அன்றைக்கு ஜெபக்கூட்டம் என்று போனவள் திரும்பி வரும்போது தொண்டை கட்டியிருந்தது. "ஜெபத்துல தொண்டை கட்டுமா?" என்றேன். "பாட்டு பாடுனோம்" என்றாள். "எந்தப் பாட்டு?" என்றேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது, அதிலும் தொண்டை இல்லாமல். "டிபென்ஸ் டிபென்ஸ்னு ஒரு பாட்டு" என்றாள்.

இருபது வருடத்துக்கு மேல் சார். ஒவ்வொரு மே மாதமும் போயிருக்கிறாள். லீக் ஆட்டம் எல்லாம் பார்த்திருக்கிறாள். எந்தப் பையன் எந்தக் கை ஆட்டக்காரன் என்று சொல்கிறாள். வேலைநிறுத்தத்தில் உள்ளே போகிறவனுக்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொன்னேன். "என் வீட்டுக்குள்ளேயே ஒரு கருங்காலி" என்றேன்.

அவள் அசரவில்லை. "என்னைத் தடுத்து ஒரு தீர்மானமும் போடல. நீங்க புறக்கணிச்சீங்க, நான் பாத்தேன். வீட்டுக்கு ஒருத்தர் புறக்கணிச்சாப் போதாதா?" என்றாள். அதோடு விட்டாளா? சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து, கரண்டியால் அடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. "இம்புட்டு நேரந்தாங்க. அந்தப் பையன் பந்தைக் கையில வச்சிருந்தா முடிஞ்சிருக்கும். இம்புட்டு நேரத்துக்குத்தான் நீங்க காகிதம் கேட்டீங்க" என்றாள்.

எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. அவளுக்கு ஆட்டம் தெரியும், அமைப்பு தெரியாது. நான்கு வினாடியில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கும். பந்தை உள்ளே எறியும்போது பிடுங்கியிருப்பான். கால் வழுக்கியிருக்கும். எண்பத்தெட்டில் பாதி மைதானத்திலிருந்து விழவில்லையா? எழுந்து ஆடியிருந்தாலும் தோற்றிருப்போம். ஆவாரம்பட்டி சார். தோற்றுத்தான் இருப்போம். தோற்றிருப்போம் அல்லவா? நீங்கள் விளையாட்டு ஆசிரியர், சொல்லுங்களேன்.

சொல்ல வேண்டாம். உங்கள் முகத்திலேயே தெரிகிறது.

இப்போதைய கூத்துகளையும் கேள்விப்படுகிறேன். சட்டையில் தொழிலாளர் கழகம் என்ற பெயரை எடுத்துவிட்டு நகைக்கடைப் பெயர் போட்டிருக்கிறீர்களாம். ஒவ்வொரு கூடைக்கும் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டாம். தோற்றவன் ஜெயித்தவனைக் கட்டிப்பிடித்துச் சிரித்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறானாம். தூ. அதைப் பார்க்கவா நான் கையெழுத்துப் போடுவேன்?

என்ன சொன்னீர்கள்? "என்னால்" என்பதை நீங்களே அடித்துவிடுகிறீர்களா? பாருங்கள், உங்களுக்கு இரக்கம் வந்துவிட்டது. இரக்கத்தில் அடிக்கிற வார்த்தை எனக்கு வேண்டாம். ஒரு வார்த்தை மாறக் கூடாது என்று ஜெயசீலன் சொல்லியிருக்கிறான் அல்லவா? அவன் சொன்னது சொன்னதுதான். அவனிடம் கேட்காமல் மாற்றினால் உங்கள் வேலையும் கெடும். கடிதத்தை மடித்துப் பையில் வையுங்கள்.

இப்போது நான் ஒரு தகவல் தருகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பேனாவைத் திறக்கலாம். நாளை மாலை ஐந்து மணிக்கு, கமிட்டியின் போக்கைக் கண்டித்து, மைதானத்தின் கிழக்கு வாசலுக்கு வெளியே கறுப்புக்கொடி ஆர்ப்பாட்டம் நடக்கும். தலைமை சிங்கராயர். கலந்துகொள்பவர்கள், முதற்கட்டமாக ஒருவர். வாசலுக்கு வெளியே என்று எழுதினீர்களா? உள்ளே ஒரு விரல் வராது. கம்பியைக்கூடப் பிடிக்க மாட்டேன். உறுதிமொழி இல்லை இது. அறிவிப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஏன் கிழக்கு வாசல் என்றால், அந்த நேரத்தில் அங்கே மர நிழல், வெயில் இல்லை. முன்வாசலில் போக்குவரத்து. தெற்கே சாக்கடை. ஆர்ப்பாட்டத்துக்கு இடம் பார்க்கத் தெரிய வேண்டும் சார். கிழக்கு வாசல் முழுவதும் கம்பி, நடுவில் தகரம் கிடையாது. அங்கே நின்றால் தெற்கு வளையம் தெளிவாகத் தெரியும். வடக்கு வளையத்தை உங்கள் பரிசு மேடை மறைக்கிறது. போன வருடம் வரைக்கும் மேடை மேற்கே இருந்தது, அப்போது இரண்டு வளையமும் தெரிந்தது. இந்த வருடம் எவனுக்கோ புத்தி போய் அதை மாற்றி வைத்துவிட்டான்.

எனக்கு எப்படித் தெரியுமா? ஊருக்கே தெரியும். எழுதுங்கள்.

கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். பக்கம் தேர்ந்தெடுக்கும்போது, இரண்டாம் பாதியில் நம் பையன்கள் தெற்கு வளையத்தில் போடுகிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் பாதியை எங்கே வேண்டுமானாலும் போடட்டும். கடைசிப் பகுதி தெற்கே இருக்க வேண்டும். ஜெயசீலனிடம் சொல்லுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

கோரிக்கை வைப்பவர் யார் என்று போட வேண்டுமா? போடுங்கள். பொதுமக்கள்.